அடிக்கடி வரும் காய்ச்சலும் வளரும் மூளையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

குழந்தைகள் நலப் பகுதிக்கு வந்த கடிதங்களில் தொற்றுநோய், வறுமை, மூளை வளர்ச்சி ஆகிய மூன்றையும் தொட்டுக் கேட்கப்பட்ட கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் மையத்துக்கு வரும் இரண்டரை வயதுப் பையனுக்கு மாதம் தவறாமல் பேதியோ சளிக்காய்ச்சலோ வந்துவிடுகிறது. எடை ஏறவில்லை, உயரமும் வயதுக்குக் குறைவு. இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச இன்னும் வரவில்லை. "பிறவியிலேயே மந்தம்" என்கிறார் அவன் பாட்டி. தாயோ தன்மேல்தான் தவறு என்று அழுகிறார். அடிக்கடி வரும் நோய்க்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, ஆம்பூர்)

உண்டு. பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் வரை எடை இருக்கும். இரண்டு வயது முடிவதற்குள் அது பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. இந்த வளர்ச்சிக்காக, கைக்குழந்தையின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. பெரியவர்களிடம் அது ஐந்தில் ஒரு பங்குதான். இந்த வயதில் காய்ச்சல் வந்தால், உடல்வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதே ஆற்றல் செலவு சுமார் 10 சதவீதம் கூடிவிடும். அதே நேரத்தில் குழந்தை சாப்பிட மறுக்கிறது. சாப்பிட்ட கொஞ்சமும் பேதியில் போய்விடுகிறது. தினக்கூலியில் ஓடும் வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால் பள்ளிக்கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணம் மருந்துக்குப் போய்விடுவதுபோல, வளர்ச்சிக்கு வேண்டிய சத்து நோயை எதிர்ப்பதற்குச் செலவாகிறது. எப்போதோ ஒருமுறை என்றால் உடல் அதை ஈடுசெய்துகொள்ளும். மாதாமாதம் என்றால் ஈடுசெய்துகொள்ள இடைவெளியே கிடைப்பதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற பேதியும் காய்ச்சலும் இதில் ஒரு பாதிதான். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2010 முதல், நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த சுமார் 250 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், பிரேசில், பெரு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளிலும் ஒரே முறையில் நடந்த ஆய்வின் இந்தியப் பகுதி இது. களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடுதேடிச் சென்று, குழந்தைக்கு என்ன உடம்பு, என்ன சாப்பிட்டது என்று கேட்டு எழுதினார்கள். மாதம் ஒருமுறை மலமாதிரி எடுத்தார்கள். எட்டு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பேதி இல்லாத நாட்களில் எடுத்த மாதிரிகளிலும் பத்தில் ஆறுக்கு மேற்பட்டவற்றில் குடல்நோய்க் கிருமி ஒன்றாவது இருந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா போன்றவை குடலில் தங்கியிருந்த குழந்தைகள் இரண்டு வயதில் உயரம் குறைந்தே இருந்தார்கள். இப்படித் தங்கும் கிருமிகளால் சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. உணவு உள்ளே போனாலும் சத்து முழுமையாக ரத்தத்தில் சேர்வதில்லை. "நன்றாகத்தான் சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவில்லை" என்று தாய்மார்கள் சொல்வது வெறும் புலம்பல் அன்று.

தேய்ந்த குடல்சுவர் வழியாகக் கிருமிகளின் கூறுகள் கசிந்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். இந்த நீடித்த அழற்சி மூளையைத் தொடுகிறது என்பதற்கு டாக்காவின் மீர்பூர் குடிசைப் பகுதியில் நடந்த ஆய்வுகள் சான்று தருகின்றன. அங்கே முதல் ஆண்டில் காய்ச்சல் நாட்கள் அதிகமாக இருந்த குழந்தைகளும், ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருந்த குழந்தைகளும் வளர்ச்சித் தேர்வுகளில் பின்தங்கினார்கள். அழற்சி இன்னொன்றும் செய்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருளைக் கூட்டி, இரும்புச்சத்து ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கிறது. நரம்பிழைகளின் மேலுறை உருவாகவும் டோபமின் போன்ற நரம்புக் கடத்திகள் சுரக்கவும் இரும்பு தேவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே அது இயல்பு என்று நாம் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்தப் பையனைப் பற்றி மூன்று காரியங்கள் உடனே செய்யுங்கள். முதலில் அவனுடைய காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பாதிக் காதோடு வாழ நேரிடும். காதில் சரியாக விழாத சொல்லைக் குழந்தை திருப்பிச் சொல்லாது. இரண்டாவது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்க வேண்டும். மூன்றாவது, பேதி தொடங்கிய அன்றே ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் சொல்லும் அளவில் ஜிங்க் மாத்திரையும் தொடங்கி, பேதி நின்றாலும் ஜிங்கைப் பதினான்கு நாட்கள் முடிக்க வேண்டும். "பல் முளைக்கிற பேதி, தானாக நிற்கும்" என்று விட்டுவிடுவதும், பேதி நிற்கட்டும் என்று பாலையும் சோற்றையும் நிறுத்துவதும் நம் ஊர்களில் இன்னமும் நடக்கின்றன. நோயின்போதும் ஊட்ட வேண்டும். தேறிய பின் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒருவேளை கூடுதலாகவே ஊட்ட வேண்டும்.

அந்தத் தாயிடம் அவர்மேல் தவறில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கழிப்பறை, குளோரின், கைகழுவும் வசதி எல்லாம் கொடுத்துச் செய்த பெரிய சோதனைகளில், வங்கதேசத்தில் பேதி குறைந்தது. கென்யாவில் அதுவும் குறையவில்லை. இரண்டு இடங்களிலும் குழந்தைகளின் உயரம் மட்டும் கூடவே இல்லை. தெருவெல்லாம் கழிவுநீர் ஓடும் இடத்தில் ஒரு வீட்டின் சோப்பு மட்டும் என்ன செய்ய முடியும்? குழாயில் பாதுகாப்பான நீரும், மூடிய சாக்கடையும், நாள்தவறாத குப்பை அகற்றலும் உள்ளாட்சியின் பொறுப்பு. அதைச் செய்யாமல் தாய்மார்களுக்குக் கைகழுவப் பாடம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைக்குப் பிறகு படிப்பில் பாதிப்பு வருமா? (வாசகர், விழுப்புரம்)

எல்லாருக்கும் வராது, ஆனால் வரக்கூடும் என்று எண்ணிக் கவனிக்க வேண்டும். உகாண்டாவில் மூளையைத் தாக்கும் மலேரியாவிலிருந்து மீண்ட குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நினைவாற்றலிலோ கவனத்திலோ குறை இருந்தது. பாக்டீரியாவால் வரும் மூளையுறைக் காய்ச்சல் செவிநரம்பைப் பாதிக்கும் என்பதால், குணமான சில வாரங்களுக்குள் செவித்திறன் பரிசோதனை அவசியம். இவற்றில் பலவற்றைத் தடுப்பூசியால் தடுக்க முடியும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோய் மூளையைத் தாக்குவதிலிருந்து காப்பாற்றுகிறது. மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் என்ற பாக்டீரியாவையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில்தான் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. தவணை தவறியிருந்தாலும் பரவாயில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். இதனால் மாணவர்களின் படிப்பு உயரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா? (ஆசிரியர், கிருஷ்ணகிரி)

மாத்திரை நல்லது, தவறாமல் கொடுங்கள். ஆனால் அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த ஏழை மக்களைச் சோம்பேறிகள், மந்தபுத்திக்காரர்கள் என்று நூறாண்டுகளுக்கு முன் மற்றவர்கள் ஏளனம் செய்துவந்தார்கள். சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1902-இல் அந்தச் சோர்வுக்குக் காரணம் கொக்கிப்புழு என்று காட்டினார். வெறுங்காலின் தோல்வழியே உடலுக்குள் புகுந்து, குடல்சுவரைக் கடித்துத் தொங்கி, நாள்தோறும் ரத்தம் உறிஞ்சும் புழு அது. 1909-இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்பெல்லர் கொடுத்த பத்து லட்சம் டாலரில் ஒரு குழு அமைந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இந்தப் புழு இருப்பதை அந்தக் குழு கண்டறிந்தது. ஊர் ஊராக முகாம் போட்டு மருந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். நூறாண்டு கழித்து அந்தப் புள்ளிவிவரங்களை அலசிய ஹொய்ட் பிளீக்லி என்ற பொருளாதார அறிஞர், புழு அதிகமாக இருந்த மாவட்டங்களில் மருந்துக்குப் பிறகு பள்ளி வருகையும் எழுத்தறிவும் மற்ற இடங்களைவிடக் கூடின என்றும், அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் வருமானமும் கூடியது என்றும் 2007-இல் வெளியிட்டார். மக்களின் பிறவிக் குணம் என்று சொல்லப்பட்ட ஒன்று, மருந்தில் போய்விட்டது. ராக்பெல்லரின் அறக்கட்டளை 1916-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அங்கே மருந்து குடித்தவர்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கென்யாவில் 1990-களின் இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தபோது, பள்ளிக்கு வராத நாட்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன. தேர்வு மதிப்பெண் கூடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்து நடந்த மிகப்பெரிய சோதனையில் எடையில்கூடக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. புழுப்பாரம் அதிகமாகவும் ரத்தசோகை கடுமையாகவும் இருக்கும் இடத்தில் மாத்திரையின் பயன் பெரிது. புழு குறைவாக இருக்கும் இடத்தில் பயனும் சிறிது. ஆகவே உங்கள் வகுப்பில் மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளையின் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் பூச்சி மாத்திரையோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காலையில் சாப்பிட்டு வந்தானா என்றும் கேளுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியபின் அந்தக் கேள்விக்குப் பல பிள்ளைகளிடம் நல்ல பதில் கிடைக்கிறது என்பதை நான் மகிழ்ச்சியோடு கவனித்துவருகிறேன்.

கேள்வி: தொற்றுநோய் அதிகமுள்ள நாடுகளில் மக்களின் சராசரி அறிவுத்திறன் குறைவு என்று ஓர் ஆய்வு சொல்வதாகப் படித்தேன். ஏழை நாட்டவரை இழிவுபடுத்தும் பேச்சாக இது தெரிகிறதே? (வாசகர், சென்னை)

நீங்கள் படித்தது 2010-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் எப்பிக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையாக இருக்க வேண்டும். நாடுவாரியான அறிவுத்திறன் சராசரிகளையும் தொற்றுநோய்ச் சுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செல்வம், கல்வி, தட்பவெப்பம் ஆகியவற்றைவிட நோய்ச்சுமையே அந்தச் சராசரியோடு வலுவாகப் பொருந்துகிறது என்றார்கள். வளரும் வயதில் மூளைக்குப் போக வேண்டிய ஆற்றலை நோய் பறிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அந்த விளக்கம் நியாயமானது. ஆனால் அதற்கு அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்ட நாட்டுச் சராசரிகள் நம்பத்தக்கவை அல்ல. பல நாடுகளுக்கு மிகச் சிறிய, பொருத்தமற்ற மாதிரிகளிலிருந்து எடுத்த எண்கள் அவை. சில நாடுகளுக்குப் பரிசோதனையே நடக்காமல் அண்டை நாடுகளின் எண்ணைக் கொண்டு ஊகித்திருந்தார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத குழந்தையிடம் வேறொரு நாட்டில் உருவான தேர்வுத்தாளைக் கொடுத்துவிட்டு, வந்த எண்ணை அறிவு என்று சொல்வதும் தவறு. இரண்டு பட்டியல்கள் பொருந்துவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வேலூரிலும் மீர்பூரிலும் செய்ததுபோல ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளையே நான் நம்புகிறேன். அவற்றில் நோயின் பாதிப்பு உண்மையாகவே தெரிகிறது. அதைவிடத் தாயின் கல்வியும், வீட்டில் குழந்தையோடு பேசி விளையாடும் சூழலும், உணவும் சேர்ந்து பெரிதாகத் தெரிகின்றன.

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் செய்தியை நேராகப் படித்தால், நாடுகளுக்கிடையே தெரியும் வேறுபாடு பிறப்பில் வந்தது என்ற வாதத்துக்கு எதிராகவே அது நிற்கிறது. சாக்கடையாலும் கொசுவாலும் வந்த குறையைச் சாக்கடையையும் கொசுவையும் ஒழித்து நீக்க முடியும்.

கேள்வி: என் கணவர் செங்கல் சூளையில் வேலை செய்கிறார். வேலை இருக்கும் இடத்துக்கெல்லாம் குடும்பத்தோடு போவோம். மகளுக்கு முதல் இரண்டு வருடம் நோய் விடவே இல்லை. இப்போது நான்கு வயது. முதல் ஆயிரம் நாட்களில் கெட்டது திரும்பாது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இனி ஒன்றும் செய்ய முடியாதா? (வாசகி, செங்கல்பட்டு)

முடியும், அம்மா. கருவுற்றதிலிருந்து இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்கள் மிக முக்கியமானவை என்பது உண்மை. ஆனால் அதன்பின் கதவு மூடிவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அப்படி உங்களிடம் சொன்னவர் உங்களை எச்சரிக்க நினைத்திருக்கலாம். ஒரு தாயிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில், 1986-87-இல், வறுமையாலும் நோயாலும் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்கிரிகர் என்ற மருத்துவரின் குழு தேர்ந்தெடுத்தது. அவர்கள் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சிலருக்குப் பால் சார்ந்த சத்துணவு கொடுத்தார்கள். சிலருடைய வீட்டுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போய், தாயையும் குழந்தையையும் உட்காரவைத்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். கடையில் வாங்கிய பொம்மை கிடையாது; காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்ற வீட்டில் கிடைப்பவற்றைக் கொண்டு செய்தவையும் கையால் செய்த படப் புத்தகமும்தான். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது தேடிப் பார்த்தார்கள். விளையாட்டுப் பயிற்சி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வளர்ச்சி குன்றாமல் வளர்ந்த அதே ஊர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடித்திருந்தார்கள். உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த அளவுக்கு நிலைத்த பயன் தெரியவில்லை. இதை வைத்து உணவு வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குவாத்தமாலா நாட்டுக் கிராமங்களில் சிறுவயதிலேயே புரதம் நிறைந்த கஞ்சி கிடைத்த ஆண்பிள்ளைகள் பெரியவர்களானபின் ஒரு மணி நேர வேலைக்குப் பெற்ற கூலி 46 சதவீதம் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

உங்கள் மகளுக்கு நான்கு வயதுதான் ஆகிறது. மூளை குளுக்கோஸை மிக அதிகமாகப் பயன்படுத்தும் காலம் ஐந்து வயதை ஒட்டியே வருகிறது. அவளுடைய மூளை இன்னும் வேகமாகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அடுப்படியில் வேலை செய்யும்போதே பேசுங்கள். அவள் சொல்வதைக் கேட்டு, அதோடு ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "மண்ணு" என்றால் "ஆமாம், ஈர மண்ணு" என்று சொல்லுங்கள். புளியங்கொட்டையை எண்ணவிடுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள், பாட்டி சொன்ன விடுகதையைக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை.

சூளைக்குச் சூளை போகும்போது எந்த ஊரில் இருந்தாலும் அங்குள்ள அங்கன்வாடியில் மகளைச் சேர்க்கலாம். சொந்த ஊர் முகவரி இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். சத்துமாவும் முட்டையும் அவளுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியவை. ரத்தசோகை, காது, கண் மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பேச்சிலோ நடையிலோ பின்தங்கியிருப்பதாகத் தோன்றினால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுப் போங்கள்; அங்கே மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உடற்பயிற்சி சிகிச்சையாளர் ஆகியோர் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடை எழுதிய அட்டையையும் எடுத்துப் போங்கள். தொலைந்திருந்தால் அதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.